கழுத்து இளக வேண்டும், அடி இளகக் கூடாது

கேள்வி சுருக்கமாக இதுதான்: சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துபவர் ஒருவர், நாலைந்து சுற்றுக்குப் பிறகு உறைகளின் கழுத்து கீறுவதைப் பார்த்து, கேஸ் டார்ச்சுக்குப் பதிலாக வீட்டிலேயே, மாறும் காந்தப்புலத்தால் உலோகத்தைச் சூடாக்கும் ஒரு இண்டக்‌ஷன் ஹீட்டர் கட்டி அனீல் செய்யலாம் (சூடாக்கி இளக வைக்கலாம்) என்று கிளம்பினார். ரெடிமேட் இசட்விஎஸ் போர்டு (காயில் எனும் சுருளுக்கு உயர் அதிர்வெண் மின்சாரம் தரும் மின்சுற்று) ஒன்றையும் ஒரு 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸையும் (நேர்மின்சாரம் தரும் பவர் சப்ளை) இணைத்து, சுவர் ஸ்விட்சைப் போட்டார். ஒரு சின்ன சத்தம், கொஞ்சம் புகை, போர்டில் மின்னணு ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களான இரண்டு மாஸ்ஃபெட்டும் போச்சு. எங்கே தப்பு, எத்தனை வினாடி சூடாக்க வேண்டும், வெப்பநிலையை எப்படி அளப்பது என்று கேட்கிறார்.

மாஸ்ஃபெட் ஏன் போனது என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது: சுவர் ஸ்விட்ச். அதற்கு அப்புறம் வருகிறேன். பித்தளைக்கு என்ன ஆகிறது என்பது தெரியாவிட்டால் மின்சுற்றில் எடுக்கும் முடிவுகள் எல்லாம் குருட்டாம்போக்காகிவிடும், அதனால் முதலில் உலோகம்.

தோட்டா உறைக்கான பித்தளை 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்தது. சுடும்போது கழுத்து விரிகிறது, டையில் (அளவுக்கு அழுத்தும் அச்சில்) போட்டு இறுக்கும்போது சுருங்குகிறது, குண்டை உட்கார வைக்கும்போது மறுபடி கொஞ்சம் விரிகிறது. குளிர்ந்த நிலையிலேயே இப்படி வளைத்து வளைத்து எடுத்தால் உலோகம் இறுகிவிடும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் விறைத்து ஒடிவது போலத்தான். இறுகிய கழுத்துக்கு இரண்டு கெட்ட குணம். ஒன்று, டையை விட்டு வெளியே வந்ததும் துள்ளித் திரும்பும், அதனால் குண்டைப் பிடிக்கும் பிடி உறைக்கு உறை மாறும். இன்னொன்று, ஒரு நாள் நீளவாக்கில் கீறும்.

சூடாக்கினால் உள்ளே புதிய படிகங்கள் உருவாகி இறுக்கம் போய்விடும். இது வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து நடத்தும் வேலை. ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் 250 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பித்தளையின் கடினத்தன்மை பெரிதாக அசையாது. 300ஐத் தாண்டி ஒரு மணி நேரம் கொடுத்தால் அசையத் தொடங்கும். நமக்கு இருப்பதோ மூன்று நான்கு வினாடி. அதற்குள் வேலை முடிய வேண்டுமென்றால் கழுத்து 500 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். "350 டிகிரி போதும்" என்று படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் கழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றுகிறார்கள், உலோகத்தை மாற்றுவதில்லை. மறுபக்கம், ரொம்ப மேலே போனால் படிகங்கள் பருத்து, கழுத்து ஈயத்தகடு மாதிரித் துவண்டுவிடும். துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி, பித்தளை உருகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

இந்த வேலையில் உயிருக்கு மிக ஆபத்தான தவறு ஒன்று உண்டு. உறையின் அடிப்பகுதி, அதாவது பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) உட்காரும் தடித்த தலை, தொழிற்சாலையில் வேண்டுமென்றே கடினமாக விடப்பட்டது. ரைபிளுக்குள் 300, 400 மெகாபாஸ்கல் அழுத்தம் எழும்போது சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) சுவரின் ஆதரவு இல்லாமல் நிற்கும் பகுதி அதுதான். அது இளகினால் எரிவாயு பின்பக்கமாக, முகத்தை நோக்கி வரும். அதனால் அடி 250 டிகிரியை எட்டக்கூடாது. எட்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அந்த உறையை இடுக்கியால் நசுக்கி, பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள். திரும்ப இறுக்க வழி கிடையாது. எஃகைப் போல் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் பித்தளை கடினமாகாது, குளிர்ந்த நிலையில் அடித்தால்தான் கடினமாகும்.

இப்போது காயில். மாறும் காந்தப்புலத்துக்குள் உலோகத்தை வைத்தால் அதில் மின்னோட்டம் சுற்றும் என்று 1831-ல் ஃபாரடே காட்டியதுதான் அடிப்படை. இரும்புக்கு இது சுலபம். பித்தளையில் காந்தத்தன்மை இல்லை, மின்தடையும் குறைவு. இண்டக்‌ஷன் அடுப்பு பித்தளைப் பாத்திரத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பது இதனால்தான். ஆனால் உறையின் கழுத்து மெல்லியது, சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமன். 100 கிலோஹெர்ட்ஸில் பித்தளைக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழமும் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். சுவரின் முழுத் தடிமனும் ஒரே நேரத்தில் சூடாகும். அதனால் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கே ஓடினாலும் நமக்குச் சரி, அதிர்வெண்ணைத் துல்லியமாகப் பிடிக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ரெடிமேட் போர்டுகளில் இருப்பது சுய அலைவுச் சுற்று. எல்லோரும் அதை ராயர் சுற்று என்கிறார்கள். ராயர் என்ற பொறியாளர் 1950களில் செய்தது, டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம் காந்தத்தால் நிறைவடைந்து தானே புரளும் சதுர அலைச் சுற்று. கபாசிட்டரைச் சேர்த்து ஒத்ததிர்வில் சைன் அலையாக ஓட்டும் இந்த வடிவத்தை 1959-ல் விவரித்தவர் பாக்ஸண்டால் என்ற பொறியாளர். பெயர் எதுவாக இருந்தாலும், இரண்டு மாஸ்ஃபெட், இரண்டு சோக் (ஓட்டம் சட்டென மாறாமல் தடுக்கும் சுருள்), ஒவ்வொரு கேட்டுக்கும் (மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் முனை) ஒரு மின்தடையும் ஒரு ஜீனரும் (மின்னழுத்தத்தை எல்லைக்குள் நிறுத்தும் டயோடு), எதிர்ப்பக்க டிரெயினுக்குப் (மாஸ்ஃபெட்டுக்குள் ஓட்டம் நுழையும் முனை) போகும் ஒரு வேகமான டயோடு, நடுவில் கபாசிட்டர் கூட்டமும் காயிலும். இவ்வளவுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 0.33 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஆறு சேர்ந்தால் ஏறக்குறைய 2 மைக்ரோஃபாரட். 4 மில்லிமீட்டர் செம்புக் குழாயில், உள்விட்டம் 20 மில்லிமீட்டர் வரும்படி ஏழு சுற்று, மொத்த நீளம் 35 மில்லிமீட்டர். இதன் தூண்டல் சுமார் 0.6 மைக்ரோஹென்றி, அதிர்வெண் சுமார் 145 கிலோஹெர்ட்ஸ். 36 வோல்ட் கொடுத்தால் காயில் மீது உச்ச மின்னழுத்தம் அதன் பை மடங்கு, அதாவது 113 வோல்ட். காயிலும் கபாசிட்டரும் சேர்ந்த எதிர்ப்பு 0.55 ஓம் என்பதால் காயிலுக்குள் உச்சமாக 200 ஆம்பியருக்கு மேல் சுற்றும். சப்ளையிலிருந்து வருவது பத்து ஆம்பியருக்குள் இருக்க, உள்ளே மட்டும் இருநூறு! காயிலைக் கம்பியில் சுற்றாமல் குழாயில் சுற்றித் தண்ணீர் ஓட விடுவது இதற்காகத்தான். இறங்கும் மின்சக்தியில் பாதியோ அதற்கு மேலோ செம்பையே சூடாக்கப் போய்விடும். மீன்தொட்டி பம்பு, ஒரு வாளி காய்ச்சி வடித்த நீர், கணினிக்கான சின்ன ரேடியேட்டர் இருந்தால் போதும்.

48 வோல்ட்டில் டிரெயின் உச்சம் 150ஐத் தொடும். அதனால் 200 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி 260 வகை மாஸ்ஃபெட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். போர்டில் "1000 வாட்" என்று அச்சடித்திருப்பதை விளம்பரமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம், நமக்கு அவ்வளவு தேவையும் இல்லை. கழுத்தும் தோளும் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) சேர்ந்து மூன்று கிராம் என்று வைத்தால், 550 டிகிரி ஏற்ற 630 ஜூல் வேண்டும். நான்கு வினாடியில் கொடுக்க 160 வாட். காயில் இழப்பையும் உறையின் உடலுக்கு ஓடுவதையும் சேர்த்தால் சப்ளையிலிருந்து 350, 400 வாட் எடுக்கும். 600 வாட் எஸ்எம்பிஎஸ் நிம்மதியாக ஓட்டும்.

குழாய் வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே பொடி உப்பை இறுக நிரப்பி இரு முனையையும் அடைத்துவிட்டு, வழவழப்பான உருளை ஒன்றின் மேல் சுற்றுங்கள். முடிந்ததும் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து போய்விடும். சுற்றுகள் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. உறை காயிலைத் தொடாமல் இருக்க உள்ளே ஒரு குவார்ட்ஸ் அல்லது பீங்கான் குழாய் செருகலாம். டெஃப்ளான் வேண்டாம், சூடான கழுத்து பட்டால் சிதைந்து நச்சுப் புகை விடும்.

சரி, இப்போது சுவர் ஸ்விட்ச். இந்தச் சுற்று தானாகத் தொடங்க வேண்டுமானால் மின்னழுத்தம் ஒரே தாவலில் முழுதாக வர வேண்டும். எஸ்எம்பிஎஸ் அப்படி வராது, பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏறும். கேட்டுகள் அரைகுறையாகத் திறக்கும் நிலையில் இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து நடத்த ஆரம்பித்துவிடும், அலைவு தொடங்காது, சப்ளை நேராக இரண்டின் வழியாகவும் தரைக்கு ஓடும். அதிகப் பளுவில் சப்ளை நடுவில் குனிந்தாலும் இதே கதைதான். நானும் முதல் வருடத்தில் ஆறு மாஸ்ஃபெட் இப்படித்தான் தின்றேன். ஒவ்வொரு முறையும் போர்டைத்தான் திட்டினேன், சப்ளையைப் பார்க்கவே இல்லை.

இதற்கு மருந்து மூன்று. முதலில், எஸ்எம்பிஎஸ் எப்போதும் உயிரோடு இருக்கட்டும். அதற்கும் போர்டுக்கும் நடுவில், நேர்மின் பக்கத்தில் திறந்து மூடுங்கள். இதற்கு எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத மின்னணு ரிலே) வாங்கும்போது வெளியீடு நேர்மின்சாரத்துக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். மாறுமின்சாரத்துக்கான எஸ்எஸ்ஆர் உள்ளே டிரயாக் அல்லது தைரிஸ்டர் வைத்தது. நேர்மின்சாரத்தில் ஒரு முறை ஓட்டத்தை இணைத்தால் மறுபடி துண்டிக்காது, டைமர் நான்கு வினாடியில் நிறுத்தச் சொல்லும், உறை சிவந்துகொண்டே போகும். இரண்டாவது, எஸ்எஸ்ஆருக்கு முன்னால், சப்ளை பக்கத்தில், சில ஆயிரம் மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் போட்டால் அந்த முதல் தாவல் குனியாமல் நிற்கும். எஸ்எஸ்ஆர் ஓட்டத்தைத் துண்டிக்கும்போது சோக்கில் மிச்சம் இருக்கும் ஓட்டத்துக்கு வழிவிட, போர்டின் உள்ளீட்டில் தலைகீழாக ஒரு டயோடு.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மலிவான போர்டுகள் கேட் மின்சாரத்தையும் பிரதான சப்ளையிலிருந்தே எடுக்கும். 48 வோல்ட்டை 12 வோல்ட் ஜீனருக்கு இறக்க அந்த 470 ஓம் மின்தடைகள் படும் பாடு கொஞ்சமல்ல, இரண்டரை வாட்டுக்கு மேல் போகும். போர்டில் அந்தத் தடத்தை வெட்டிவிட்டு கேட்டுகளுக்குத் தனியாக 12 முதல் 15 வோல்ட் சின்ன சப்ளை கொடுங்கள். பிரதான சப்ளை எப்படிக் குனிந்தாலும் கேட் நிமிர்ந்து நிற்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஃபியூஸ் போடுங்கள். அப்புறம், மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெயினோடு இணைந்தது. பொதுவான ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) என்றால் மைக்கா அல்லது சிலிக்கான் தகடு இல்லாமல் இறுக்கக் கூடாது. தனித்தனி ஹீட்சிங்க் என்றால் அவற்றைக் கையால் தொடக் கூடாது.

முதல் ஓட்டத்தை 24 வோல்ட்டில், உறை எதுவும் இல்லாமல், ஒரு ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். சில ஆம்பியரில் நிலையாக நின்றால் அலைவு ஓடுகிறது. சரசரவென்று ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். உறையை உள்ளே விட்டதும் ஓட்டம் ஏறும். காயில் விட்டத்தைக் குறைத்து உறைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் அந்த ஏற்றம் கூடும், அதாவது வெப்பம் செம்புக்குப் போகாமல் பித்தளைக்குப் போகிறது என்று அர்த்தம். காயிலை ரொம்பக் குறுக்கினால் தூண்டல் விழுந்து, உறை இல்லாதபோது ஓடும் ஓட்டமே எகிறும். ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டராகச் சோதித்துப் பார்க்கும் வேலை இது.

தண்ணீர்க் குழாய் வேலை பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஃபெரைட் (காந்தப்புலத்தை வழிநடத்தும் பீங்கான் போன்ற பொருள்) வளையத்தில் ஒரு பிளவு வெட்டி, அந்த இடைவெளிக்குள் கழுத்தை நிறுத்துவது. புலம் அந்த இடைவெளியிலேயே குவிவதால் அதிகச் சுற்று, குறைந்த ஓட்டம், காற்றிலேயே ஆறும். ஃபெரைட்டை வெட்டுவதும், அது சூடாகித் தன் காந்தத்தன்மையை இழக்காமல் பார்த்துக்கொள்வதும் தனிச் சள்ளை. நான் குழாய்க் கட்சி.

சுற்று ஓடத் தொடங்கிய நாளில் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் பாதிகூட ஆகியிருக்காது. ஒரே உறையை ஒரே இடத்தில் ஒரே நேரம் சூடாக்கும் திறமைதான் இந்த இயந்திரத்தின் பயன். டார்ச்சால் முடியாததும் அதுதான். கழுத்தின் நடு காயிலின் நடுவில், தோள் காயிலின் கீழ் விளிம்பில், என்று ஒரு உயரத்தை முடிவு செய்து, அதை அசையாத மேடையால் நிறுத்துங்கள். மேடையை பேக்கலைட் தகட்டில் செய்யலாம். இரும்புத் திருகு ஒன்று காயிலுக்கு அருகில் இருந்தால் பித்தளைக்கு முன்னால் அது சிவக்கும். நேரத்துக்கு அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டோ, பத்தில் ஒரு வினாடி அமைக்கக்கூடிய டைமரோ போதும். வேண்டுமானால் மேடைக்கு ஒரு சாலினாய்டு (மின்காந்தத்தால் இழுக்கப்படும் தண்டு) வைத்து, நேரம் முடிந்ததும் உறை கீழே விழும்படி செய்யலாம். நூறு உறைகளைக் கையால் எடுத்து வைத்துப் பார்த்த அன்றைக்கே அந்த சாலினாய்டு உங்களுக்கு வேண்டும் என்று தோன்றிவிடும்.

வெப்பநிலை அளக்க இன்ஃப்ராரெட் துப்பாக்கியை எடுக்காதீர்கள். பளபளக்கும் பித்தளை வெப்பக் கதிரை மிகக் குறைவாகத்தான் உமிழும். 500 டிகிரியில் இருக்கும் கழுத்தை அது 100 என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. நம்பக்கூடியவை இரண்டு. ஒன்று, குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் வண்ண அரக்கு. சுமார் 400 டிகிரிக்கானதைக் கழுத்தின் உள்ளேயும், 230 டிகிரிக்கானதை உடலின் நடுவிலும் தடவுங்கள். முதலாவது உருக வேண்டும், இரண்டாவது உருகவே கூடாது. இரண்டாவதுதான் உங்கள் அடியைக் காக்கும் காவலாளி, அதில் சமரசம் வேண்டாம். வினாடிக் கணக்கு வேலைக்கு 400 டிகிரி மட்டும் போதாது, அந்த அரக்கு உருகியதோடு நின்றுவிடக் கூடாது.

மற்றது இருட்டு. எந்தப் பொருளும் 525 டிகிரி வாக்கில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும் என்று 1847-ல் டிரேப்பர் கண்டார். அறையை முழுக்க இருட்டாக்கி, கண் பழக ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். வீணாகப் போனாலும் பரவாயில்லை என்ற உறைகள் சிலவற்றை எடுத்து, இரண்டு வினாடியில் தொடங்கிப் பத்தில் இரண்டு வினாடியாக ஏற்றுங்கள். கழுத்து விளிம்பில் சந்தேகமான ஒரு சிவப்பு தெரியும் கணம்தான் உங்கள் குறி. பகல் வெளிச்சத்தில் சிவப்பு தெரிந்தால் ஏற்கனவே தாண்டிவிட்டீர்கள். அரக்கு, இருட்டு இரண்டும் ஒத்துப்போன பிறகு ஒரு உறையின் கழுத்தைக் குறட்டால் மெல்ல அழுத்திப் பாருங்கள். விட்டதும் கொஞ்சமாவது திரும்பி வர வேண்டும். அழுத்திய இடத்திலேயே செத்துக் கிடந்தால் நேரம் அதிகம். இந்தக் குறடு சோதனை கச்சாதான், விக்கர்ஸ் கடினமானி கைக்கு எட்டுமென்றால் அதுவே மேல்.

இப்படிக் கண்டுபிடித்த நேரம் அந்த ஒரு தயாரிப்பின் அந்த ஒரு தொகுதிக்கு மட்டும் பொருந்தும். வேறு கம்பெனி உறையின் கழுத்து 0.05 மில்லிமீட்டர் தடித்திருந்தாலே கணக்கு மாறும். கழுத்தைச் சீவியிருந்தால் நிச்சயம் மாறும். சப்ளை மின்னழுத்தத்தைத் தொட்டாலும், காயிலை ஒரு சுற்று நெருக்கினாலும் மறுபடி முதலிலிருந்து. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெறும் நேரத்தை எழுதினால் போதாது. வோல்ட், காயில் விவரம், மேடை உயரம், உறைத் தொகுதி எல்லாம் வேண்டும்.

பாதுகாப்பில் பேச்சே இல்லாத விஷயங்கள்: பிரைமரைத் தட்டி எடுக்காத உறை காயிலுக்கு அருகில் வரக்கூடாது. வெடிமருந்தும் நிரப்பிய தோட்டாவும் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டாம். பழைய பிரைமர்களின் ஈயக் கரி உறைக்குள் ஒட்டியிருக்கும் என்பதால் கழுவிய உறைகளை, காற்றோட்டத்தில் சூடாக்குங்கள். உறைகளை வைத்திருக்கவும் மறுபடி நிரப்பவும் நீங்கள் இருக்கும் நாட்டின் ஆயுதச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது இதற்கெல்லாம் முந்தைய கேள்வி.

சூடான உறையைத் தண்ணீரில் போடுவதா, அப்படியே ஆற விடுவதா என்று நிறையச் சண்டை நடக்கும். இளக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீரில் போட்டால் வெப்பம் அடிக்கு இறங்குவது நிற்கும், ஆனால் காய வைக்கும் வேலை கூடும். அரக்குச் சோதனையில் அடி தப்பித்திருந்தால் உலோகத் தட்டில் ஆற விட்டாலே போதும்.

கடைசியாக, கழுத்தில் படியும் நீலமும் ஊதாவுமான பட்டையைத் தேய்த்து எடுக்க அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடாதீர்கள். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தபோது அவை தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் இறுகிய பித்தளைக்குள் தேங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-ல்தான் விளக்கமாயிற்று. அதற்குக் கண்ட தீர்வும் அனீலிங்தான். புதிய உறைகள் பலவற்றின் கழுத்தில் தெரியும் அந்த நிறப்பட்டை தொழிற்சாலை அனீலிங் விட்டுச்சென்ற தடம். உங்களுடையதிலும் அது இருந்துவிட்டுப் போகட்டும்.